ஜிபியு கேபிளைப் பிடுங்கினால்: மேக், விண்டோஸ், லினக்ஸ்

தண்டர்போல்ட் கேபிளில் வெளியே மாட்டிய ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டை) யாராவது பட்டென்று உருவிவிட்டால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் என்ன செய்யணும்? மூன்று இயங்குதளங்களிலும் மூன்று பதில்.

மேக்கில் சொல்லிவிட்டுத்தான் கழற்றணும். 2018-இல் மேக்ஓஎஸ் 10.13.4 பதிப்போடு வந்த வசதி இது: மெனுவில் ‘டிஸ்கனெக்ட்’ கொடுத்தால், ஆப்பிளின் கிராபிக்ஸ் இடைமுகமான மெட்டல் வழியாக ஆப்களுக்கு முன்கூட்டியே தகவல் போகும். கேபிளில் கால் தடுக்காதவரை நல்ல ஏற்பாடு. ஆப்பிள் சிலிக்கானில் இந்த ஆதரவே இல்லை, ஆகவே விட்டுவிடலாம்.

விண்டோஸ் தலைவலியை ஆப்பிடம் தள்ளிவிடுகிறது. விண்டோஸின் கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸுக்கான அழைப்பு ‘டிவைஸ் ரிமூவ்டு’ என்று பிழை தரும், ஆப் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு டிவைஸைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளணும். டிரைவர் அப்டேட் ஆனாலும், ஜிபியு தொங்கி ரீசெட் ஆனாலும் இதே பிழைதான் வரும் என்பதால், கேபிள் உருவப்படுவதைப் பற்றி யோசிக்காதவர்கூட அதற்கான நிரலை எப்படியும் எழுதித்தான் வைத்திருப்பார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

லினக்ஸில் சிக்கல் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஜிபியு போன பிறகும் டெஸ்க்டாப் அதற்கான டிவைஸ் ஃபைலைத் திறந்தே வைத்திருக்கும். டிரைவர் தன் நினைவகத்தை ‘டெவ்எம்’ (devm) அழைப்புகளில் ஒதுக்கியிருந்தால், டிரைவர் விலகும்போதே அது விடுவிக்கப்பட்டுவிடும், ஆப் டிரைவருக்கு அனுப்பும் அடுத்த ஐஆக்டல் (ioctl) அழைப்பு, விடுவித்த நினைவகத்தைக் காட்டும் செத்த பாயிண்டரில் போய் முட்டும். இதற்காகத்தான் 2020-இல் ‘டிஆர்எம்எம்’ (drmm) அழைப்புகள் வந்தன: கடைசி ஆள் ஃபைலை மூடும்வரை நினைவகம் உயிரோடிருக்கும். ஆப் தன் நினைவகத்தோடு இணைத்துக்கொண்ட (எம்மேப் செய்த) பக்கங்களைத் தொட்டால் சிக்பஸ் என்ற பிழை சிக்னலை அனுப்பவும் கூடாது, ஏனென்றால் சிக்னல் ஹேண்ட்லர் மொத்த புராசஸுக்கும் பொதுவானது, ஆப்களுக்குள் இயங்கும் மெசா போன்ற கிராபிக்ஸ் லைப்ரரியால் அதை ஒழுங்காகக் கையாள முடியாது. ஏஎம்டி டிரைவருக்கு இந்த வேலையெல்லாம் 2021-இல்தான், கெர்னல் 5.14-இல், வந்து சேர்ந்தது.

ஜிபியுவின் ரெஜிஸ்டரைத் தொடுவதற்கு முன், அது இன்னும் இருக்கிறதா என்று ‘டிஆர்எம் டெவ் என்டர்’ (drm_dev_enter) அழைப்பில் கேட்டுக்கொள்வதும் போதாது. ஜிபியு போய்விட்டது என்று கெர்னலுக்குத் தெரிவதற்குள் ஒரு இடைவெளி இருக்கிறது, அப்போது படித்தால் எல்லா பிட்டும் 1 என்றே வரும். ‘பிஸி பிட் 0 ஆகட்டும்’ என்று டைம்அவுட் இல்லாமல் சுற்றும் லூப் இருந்தால் அங்கேயே தொங்கிவிடும்.

வடிவமைப்பில் லினக்ஸ் நேர்மையானது, நடைமுறையில் விண்டோஸ் முந்துகிறது. டிரைவர் எழுதுபவர்கள் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஃபைல்கள் உள்ள சிஸ்எஃப்எஸ்ஸின் (sysfs) ‘ரிமூவ்’ ஃபைலில் 1 எழுதிச் சோதிப்பார்கள், சரிதான், ஆனால் அப்போது கார்டு ஸ்லாட்டில்தானே இருக்கிறது, இந்த லூப் அதில் சிக்காது. கேபிளை உருவித்தான் பார்க்கணும்.