கிளட்ச் கேபிளுக்கு ஸ்பிரேயா, இன்ஜின் ஆயிலா?

மியான்மரில் மோல்மேன், பகோ பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையில் ஓடும் பைக்குகளில் கிளட்ச் இறுகிப்போவது சகஜம். கேபிள் உறைக்குள் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதுதான் காரணம். சரி, அது இலகுவாக ஓட உள்ளே ஸ்பிரே அடிக்கலாமா, இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

செலவு: ஆயில்தான் மலிவு. ஆயில் மாற்றும்போது மிஞ்சிய புது ஆயிலே போதும். வடித்த கறுப்பு ஆயிலை விடவே கூடாது. ஸ்பிரேக்கு டப்பாவோடு, கேபிள் முனையில் மாட்டும் கிளாம்பும் வேண்டும்.

வேலை: ஸ்பிரே சில நிமிடம். அழுத்தத்தில் உள்ளே கிடக்கும் ஈரத்தையும் அழுக்கையும் மறுமுனை வழியாகத் தள்ளிவிடும், அது பெரிய லாபம். ஆயிலுக்குப் பொறுமை வேண்டும். லீவர் பக்க முனையைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டி, பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி அதில் நுழைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கி, கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். கீழ்முனையில் சொட்டும்வரை விட வேண்டும். சில கேபிளுக்கு ஒரு ராத்திரியே ஆகும்.

தாங்குவது: கேபிளுக்கென்றே வரும் ஸ்பிரே நன்றாகவே தாங்கும். செயின் ஸ்பிரே பிசுபிசுப்பானது, அதை அடிக்காதீர்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள கேபிள் என்றால் பைக் கையேடு சொல்வதைக் கேளுங்கள். பலவற்றுக்கு எண்ணெயே தேவையில்லை.

தினமும் மழையில் ஓட்டுபவருக்கு ஸ்பிரே. எப்போதாவது எடுப்பவருக்கு ஆயில் போதும். முனையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் இரண்டும் வேண்டாம், புதுக் கேபிள் போடுங்கள்.