தனி சர்ச்சா, உள்ள இருந்தே சண்டையா?

அமெரிக்காவுல எல்ஜிபிடி கிறிஸ்தவங்க ரெண்டு ரூட்ல போனாங்க. ஒண்ணு தனி சர்ச். பெந்தெகொஸ்தே பாஸ்டரா இருந்து, தன்பாலின ஈர்ப்பாளர்னு தெரிஞ்சதும் வெளிய தள்ளப்பட்ட ட்ராய் பெர்ரி, 1968-ல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல தன் வீட்லயே 12 பேரோட மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்சை ஆரம்பிச்சார், அடுத்த வருஷமே ஒரே பாலின ஜோடிக்கு கல்யாணமும் நடத்திட்டார், யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்க வேணாம் பாருங்க.

இன்னொண்ணு உள்ளயே நின்னு மல்லுக்கட்டுறது. அமெரிக்காவோட பெரிய புராட்டஸ்டன்ட் சபைகள்ல ஒண்ணான யுனைடெட் மெதடிஸ்ட் சர்ச் 1972-ல, ஓரினச்சேர்க்கை கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதுன்னு எழுதி வச்சுது, அதை எடுக்க 52 வருஷம்! மாநாட்டுக்கு மாநாடு தோல்வி, 2019-ல ஒரே பாலின கல்யாணத்துக்கு இருந்த தடை இன்னும் இறுகுச்சு, நடுவுல தன் மகனோட ஒரே பாலின கல்யாணத்தை நடத்தி வச்சதுக்கு ஃப்ராங்க் ஷேஃபர்ங்கிற பாஸ்டரோட பதவியை 2013-ல பறிச்சாங்க (மறு வருஷம் திருப்பிக் கொடுத்தாங்க, அது வேற கதை). 2024-ல சார்லட் மாநாட்டுலதான் அந்த வரி போச்சு, அதுக்குள்ள அமெரிக்காவுல இருந்த அந்த சர்ச்சோட சபைங்கள்ல நாலுல ஒரு பங்கு பிரிஞ்சு போயாச்சு.

உடனே மூச்சு விடணும்னா தனி சர்ச்தான். ஆனா மெதடிஸ்ட் வீட்ல பொறந்து, விவரம் தெரியுறதுக்குள்ள ஞானஸ்நானம் வாங்கிட்ட பிள்ளைக்கு அந்த சாய்ஸே இல்லையே, அதனால என் ஓட்டு உள்ள நின்னவங்களுக்கு.