ஏழு ஆண்டுகள், மூன்று ஹார்ட் டிஸ்குகள்: ஓர் அச்சகச் சர்வரைப் பராமரித்த அனுபவம்

சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவுக்கான சர்வரை 2017 முதல் பராமரித்து வருகிறேன். தலா 4 டெராபைட் கொண்ட நான்கு ஹார்ட் டிஸ்குகளை லினக்ஸின் மென்பொருள் ரெய்டு (பல டிஸ்குகளை ஒரே தொகுப்பாக இயக்கும் முறை) வழியாக ரெய்டு 6 முறையில் இணைத்திருக்கிறோம். பதினாறில் 8 டெராபைட்தான் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். மீதி, எந்த இரண்டு டிஸ்குகள் போனாலும் கோப்புகள் அழியாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை. ஒரு டிஸ்க் போவதை மட்டுமே தாங்கும் ரெய்டு 5 என்றால் 12 கிடைக்குமே என்று அப்போது கேட்டார்கள். அதற்கு நான் இணங்காததுதான் இரண்டே ஆண்டுகளில் எங்களைக் காப்பாற்றியது.

2019இல் முதல் டிஸ்க் பழுதானது. ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டு நாட்காட்டி மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம்; அதற்கு ஐந்தே நாட்கள் இருந்தன. லினக்ஸ் சூட்டிய பெயர் வரிசையில் மூன்றாவது டிஸ்க் தொகுப்பிலிருந்து விலகிவிட்டதாகச் சர்வரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடப்புறமிருந்து எண்ணி மூன்றாவது டிரேயை (டிஸ்கைத் தாங்கும் தட்டு) உருவினேன். அது நல்ல டிஸ்க். லினக்ஸ் சூட்டும் பெயர் டிஸ்க் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது என்பதும், அது பெட்டியில் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தவைதான், அவசரத்தில் மறந்துவிட்டேன். அந்த நொடியில் நான்கில் இரண்டு இல்லை. இன்னொன்று போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். எந்தெந்தப் பகுதிகளில் எழுத்து நடந்தது என்று குறித்துக்கொள்ளும் பிட்மேப் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்ததால், அதே டிஸ்கைத் திரும்பச் செருகித் தொகுப்பில் சேர்த்ததும் விடுபட்டவை மட்டும் எழுதப்பட்டுச் சில நிமிடங்களில் சரியானது.

அன்று மாலையே ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் டிஸ்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை லேபிளாக ஒட்டினேன். இப்போது அதோடும் நிறுத்துவதில்லை. பழுதான டிஸ்க் இன்னும் பதிலளித்தால் அதிலிருந்து தொடர்ந்து படிக்கச் செய்து, எந்த டிரேயின் விளக்கு துடிக்கிறது என்று பார்க்கிறேன். அடியோடு செத்துவிட்டால் மற்ற மூன்றையும் படிக்கச் செய்து, துடிக்காத விளக்கைத் தேடுகிறேன். டிரேயில் கை வைப்பது அதன் பிறகுதான்.

2021இல் இரண்டாவது. உள்ளூரில் உடனே கிடைத்த 4 டெராபைட் டிஸ்கை வாங்கிப் போட்டோம். இரவில் ஆளில்லாத நேரத்தில் ஒன்பது மணி நேரத்தில் முடிய வேண்டிய ரீபில்ட் (மற்ற டிஸ்குகளைப் படித்துப் புதியதை நிரப்பும் வேலை), நான்கு நாட்கள் இழுத்தது. அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க் என்பதே காரணம். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு படிவதுபோல, இவ்வகையில் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் படிந்திருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அருகிலுள்ளவற்றையும் கிளப்ப வேண்டியிருப்பதுபோல, சிறிது எழுதவும் ஒரு பட்டை முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருக்கும். எப்போதாவது எழுதும் வேலைக்கு அது போதும், ரெய்டுக்கு உதவாது. அட்டைப் பெட்டியின் மேல் இந்த விவரம் எங்குமே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத குறை. தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகைதானா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யாமல் இப்போது எதையும் வாங்குவதில்லை.

ரீபில்ட் நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம், அப்போதுதான் மீதமுள்ள டிஸ்குகள் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத கோப்புகளின் அடியில் கிடக்கும் பழுதான செக்டார்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) அப்போதுதான் வெளிப்படுகின்றன. அவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க, டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று தொகுப்பு முழுவதையும் தானாகச் சரிபார்க்கிறது. வேகம் குறைகிறது என்று அதை நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

2023இல், மூன்றாவதாகப் பழுதான டிஸ்கின் நோயை அந்தச் சரிபார்ப்புதான் காட்டியது. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 197 என்று எண்ணிட்ட வரியில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை ஒரு வாரத்தில் 8இலிருந்து 40 ஆனது. (தரவு கடந்து வரும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199 என்ற வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஒருமுறை கேபிளை மாற்றியே டிஸ்க் செலவைத் தவிர்த்தோம்.) இம்முறை பழைய டிஸ்கைக் கழற்றவில்லை. காலியாக இருந்த ஐந்தாவது இடத்தில் புதியதைச் செருகி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து நகலெடுத்து மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். பாதுகாப்பு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. வடிவமைப்பாளர்கள் எவருக்கும் விஷயமே தெரியவில்லை. மூன்றில் மனநிறைவு தந்த மாற்றம் இதுதான்.

தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை ரெய்டு மீட்டுத் தராது என்பதால், வேறு கட்டடத்துக்குத் தினமும் பேக்கப் போகிறது. உத்தரவாதத்துக்குத் திருப்பி அனுப்பும் டிஸ்கில் வெளிவராத வடிவமைப்புகள் இருக்கும் என்பதால், எழுத முடிகிற நிலையில் இருந்தால் முழுவதும் சுழியம் எழுதிய பிறகே அனுப்புகிறேன். முழு நீளச் சோதனையை முடித்த ஒரு மாற்று டிஸ்க், டிரேயில் திருகி, நான்கு இலக்க லேபிளும் ஒட்டி, இப்போது அலமாரியில் தயாராக இருக்கிறது.