ஸ்பான்சர் ஸ்டிக்கர் சீசன் முழுக்கத் தாங்குமா? சின்ன பைக் ரேஸ் டீம்களுக்கான பயன்பாட்டு அனுபவம்

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ஓடும் சின்ன டீம்களுக்கு "பிராண்டிங்" என்றால் ஒரு ஸ்டிக்கர் கடை, ஒரு ஆக்‌ஷன் கேமரா, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம். பட்ஜெட் அதற்கு மேல் நீளாது. ஃபைபர் ஃபேரிங் (பைக்கை மூடும் வெளி உறை) போட்ட சின்ன சிசி பைக்குகளில் சீசன் கணக்கில் ஒட்டி, கழுவி, தேய்ந்து, பிய்த்து, திரும்ப ஒட்டிப் பார்த்ததில் எது நின்றது, எது உரிந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

கடையில் வெறுமனே "வினைல்" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மோனோமெரிக் ரகம். 80 முதல் 100 மைக்ரான் தடிமன், விலை மலிவு, தட்டையான போர்டுக்குச் சரி. ஃபேரிங் வளைவில் ஒட்டினால் முதல் நாள் பளபளவென்று இருக்கும். ஆனால் அது உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தயாரித்த படலம். நம் ஊர் வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஓரம் உள்ளே போய், சுற்றிலும் பசைக் கோடு தெரியும்; அதில் தூசி ஒட்டிக் கறுப்பு பார்டர் கட்டிவிடும். காஸ்ட் வினைல் திரவமாக ஊற்றி உலரவைத்தது, சுமார் 50 மைக்ரான்தான். சுருங்கும் குணம் மிகக் குறைவு. 3எம் ஐஜே180, ஏவரி எம்பிஐ 1105 இரண்டும் இந்த ரகம். ஒரு எச்சரிக்கை: பிரிண்ட் மேல் ஒட்டும் காப்புப் படலமான லேமினேஷனும் காஸ்டாகவே இருக்க வேண்டும். மேலே மலிவு லேமினேட் போட்டால் அது சுருங்கும்போது அடியில் இருக்கும் நல்ல படலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பைக் முழுக்க காஸ்ட் தேவையில்லை. மூக்கு, டேங்க், வால் பகுதிகளுக்கு மட்டும் போதும். தட்டையான பக்கங்களுக்கும் இன்ஜினுக்கு அடியில் வரும் பெல்லி பேனுக்கும், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பாலிமெரிக் ரகம் போடலாம். விழுந்தால் முதலில் தேய்வது பெல்லி பேன்தான். அங்கே காஸ்ட் ஒட்டுவது தார் ரோட்டுக்குக் கொடுக்கும் தானம்.

பாதிப் பிரச்சினை அவசரத்தில் வருவது. ஈகோ சால்வென்ட் மையில் எடுத்த பிரிண்ட்டை குறைந்தது 24 மணி நேரம் சுருட்டாமல், காற்றாட விட்ட பிறகே லேமினேட் செய்ய வேண்டும். அடர் கறுப்பு, அடர் சிவப்புக்கு 48 மணி நேரம் நல்லது. "ஒரு மணி நேரத்துல தந்துடறேன் சார்" என்று வாங்கி வந்தால், உள்ளே மாட்டிய சால்வென்ட் பசையை இளக்கி ஓரங்களைச் சுருட்டிவிடும். வெள்ளிக்கிழமை ஸ்க்ரூட்டினி (ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிப்பது) என்றால் திங்கட்கிழமையே ஃபைல் கடையில் இருக்க வேண்டும். லேமினேஷனே இல்லாத பிரிண்ட் பிரேக் கிளீனர் ஒரு முறை தெறித்தாலே கரைந்து வழியும். பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு எந்த லோகோவும் வேண்டாம்.

ஒட்டும் இடத்தில் டாஷ்போர்டு பாலிஷ் தடவிய பேனல்தான் பெரிய எதிரி. அதிலுள்ள சிலிக்கான் பசையைப் பிடிக்கவிடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்கு முன்பே வேறொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. புதுப் பெயின்ட்டை ஒரு வாரமாவது ஆறவிடுங்கள், இல்லையென்றால் கொப்புளம் நிச்சயம். லோகோவின் மூலைகளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டி வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலைதான் முதலில் தூக்கும். வளைவிலும் ஓரங்களிலும் ஒட்டி முடித்ததும் ஹீட் கன்னால் 90 டிகிரிக்கு மேல் சூடுகாட்டினால்தான் இழுத்த வினைல் தன் பழைய வடிவத்தை மறக்கும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு வினைலைக் குறை சொல்பவர்கள் நிறைய.

மண் ரேஸ் பைக் கதை வேறு. அதன் மட்கார்டு பாலிபுரொப்பிலீன். சாதாரணப் பசை நிற்காது, தடித்த வினைலும் பிடிப்பு அதிகமான ஹை டாக் பசையும் வேண்டும். பிளாஸ்டிக் டேங்க்கின் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி கசியும் என்பதால் அங்கே ஊசித் துளை போட்ட வினைல்தான் குமிழி இல்லாமல் நிற்கும்.

அளவுக்கு: பேனல் மேல் மாஸ்கிங் டேப் பரப்பி, விளிம்பைப் பேனாவால் வரைந்து, உரித்துத் தாளில் ஒட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். வளைந்த பேனலுக்கு இதைவிட நம்பகமான டெம்ப்ளேட் கிடையாது. சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கூடுதல் விட்டு, இரண்டு செட் ஒரே நாளில் பிரிண்ட் எடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே கடையில் எடுத்தாலும் சிவப்பு வேறு சிவப்பாகத்தான் வரும்.

லோகோ எங்கே? கார்னரில் நிற்கும் போட்டோகிராஃபர் எடுப்பது முன்பக்கச் சாய்வான படம். சாயும் பக்கத்தில் ரைடரின் முழங்காலும் கையும் நடு ஃபேரிங்கை மறைத்துவிடும். அதனால் பெரிய தொகை கொடுத்தவருக்கு மூக்கின் பக்கவாட்டும் மேல் ஃபேரிங்கும்; ரைடர் சூட்டின் முதுகுக் கூம்பு பின்னாலிருந்து எடுத்தால்தான் தெரியும். டிசைனை போன் திரையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயர் படிக்க முடியவில்லை என்றால் "தரமே எங்கள் தாரக மந்திரம்" வரியை முதலில் தூக்குங்கள். நம்பர் பிளேட்டுக்கு மேட் வினைல். பளபளப்பில் வெயில் பட்டால் டைமிங்காரருக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. அமைப்பாளர் ஸ்டிக்கருக்கான இடத்தை விதிப் புத்தகத்தில் பார்த்து முன்பே காலியாக விடுங்கள். இல்லையென்றால் ரேஸ் காலையில் உங்கள் முக்கிய ஸ்பான்சர் மேலேயே அதை ஒட்ட வேண்டி வரும்.

ஆக்‌ஷன் கேமராவில் ஒட்டும் மவுன்ட்டை மட்டும் நம்பக் கூடாது, கூடவே ஸ்டீல் கயிறு கட்ட வேண்டும். பொருத்தும் இடத்துக்கு ஸ்க்ரூட்டினியில் அனுமதியும் வேண்டும். சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் ஹேண்டில்பார் கிளாம்ப்பில் மாட்டினால் படம் ஜெல்லி போல ஆடும். வால் பகுதியில் ரப்பர் வாஷர் வைத்தால் பெருமளவு அடங்கும். காருக்குள் மாட்டினால் ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது வெளியுலகத்தை நிலையாக்கப் பார்ப்பதால் டாஷ்போர்டு ஆட ஆரம்பிக்கும். ரேஸ் தொடங்கும் கிரிட்டில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் பதிவை ஓடவிட்டால், காற்றோட்டம் இல்லாமல் சூடேறி, ரேஸ் தொடங்கும்போது அணைந்திருக்கும்.

ஸ்டில் படத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி வைத்தால் சக்கரம் உறைந்து, பைக் ஸ்டாண்டில் நிற்பதுபோல் இருக்கும். 1/160 வைத்து பைக்கோடு சேர்த்து கேமராவைத் திருப்பினால் வேகம் தெரியும். நிறைய படங்கள் வீணாகும், பரவாயில்லை. ஸ்பான்சருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பியதை அவர் பேனருக்குக் கொடுத்து, "படம் தெளிவா இல்லையே" என்று கேட்பார்.

உடை பற்றிச் சுருக்கமாக: சப்ளிமேஷன் (சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றும் பிரிண்ட்) பாலியஸ்டர் டீ-சர்ட் பிட் ஆட்களுக்கு மட்டும். கார் ஓட்டுபவர் அதை ரேஸ் சூட்டுக்கு அடியில் போட்டால், தீப்பிடித்தால் தோலோடு உருகி ஒட்டும். சூட்டில் தைக்கும் பேட்ஜுக்கு நூலும் அடித்துணியும் தீப்பிடிக்காத ரகமாக, வெளி அடுக்கில் மட்டும் தைத்ததாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஃபைல். ஸ்பான்சர் தரும் ஜேபெக் லோகோ வினைல் வெட்டும் பிளாட்டருக்கு உதவாது. கோடுகளாகவே வரைந்த வெக்டர் ஃபைல் கேட்டு வாங்குங்கள். தமிழ்ப் பெயர் இருந்தால் எழுத்தை கர்வ்ஸாக (ஃபான்ட் தேவையில்லாத வரைகோடுகளாக) மாற்றிய பிறகே கடைக்கு அனுப்ப வேண்டும். பழைய கோரல்டிராவில் யூனிகோட் தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். வெட்டுபவருக்கு அதைச் சரிபார்க்க நேரம் இருக்காது.