61%ல நின்னுபோன விண்டோஸ் 11 டவுன்லோடும், காப்பாத்துன ஐஎஸ்ஓ ஃபைலும் – ஒரு ரிவ்யூ

விண்டோஸ் 10க்கு சப்போர்ட், அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சும் நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பா அந்த லேப்டாப்லதான் பேங்க் வேலையெல்லாம் பாக்குறாரு, அது உறைச்சதும் சரி விண்டோஸ் 11க்கு மாத்திடுவோம்னு உக்காந்தேன். எட்டாவது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 ஓடுமான்னு சொல்ற பிசி ஹெல்த் செக் ஆப்ல போட்டுப் பாத்தா எல்லாம் பச்சை டிக். செட்டிங்ஸ்ல டவுன்லோட அமுக்கிட்டு சாப்பிடப் போனேன், வந்து பாத்தா 61%, காலைல எந்திரிச்சு பாத்தாலும் அதே 61%.

முதல் சந்தேகம் நெட் மேலதான். எங்க ஏரியால கரன்ட் போனா லேப்டாப் பேட்டரில ஓடும், ரவுட்டர் செத்துடும். அதனால போன் ஹாட்ஸ்பாட்ல மாத்தி விட்டேன், இப்ப 61ம் இல்ல, சும்மா காத்துக்கிட்டே இருக்கு. அந்த ஹாட்ஸ்பாட்ட நானே எப்பவோ மீட்டர்டு கனெக்ஷன்னு வச்சிருக்கேன், அப்படி இருந்தா டேட்டா தீந்துடும்னு விண்டோஸ் பெரிய அப்டேட்ட தானா இறக்காது. அத ஆஃப் பண்ணதும் ஓட ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரத்துல 80070070ன்னு முடியுற ஒரு எரர். டிஸ்க்ல இடமில்லன்னு அதுக்கு அர்த்தமாம்.

இது தெரியாம பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு தூக்கிட்டுப் போனது தனி கூத்து. "ஃபார்மட் அடிக்காம ஆகாது சார், 800 ரூபா, பேக்கப் வேணும்னா தனி"ன்னாரு, லேப்டாப்ப திறந்துகூட பாக்கல. அப்பாவோட பத்து வருஷ சங்கத்து லெட்டரெல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அதுல கெடக்கு, ஃபார்மட்டாவது ஒண்ணாவது, அப்படியே திரும்ப வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா சி டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி, மிச்சம் 6 ஜிபி, செவப்பு கோடு. டி டிரைவ்ல 700 ஜிபி சும்மா காத்து வாங்குது. சிய தின்னது யாருன்னு நோண்டினா வாட்ஸ்அப்தான், அப்பாவோட குட் மார்னிங் வீடியோ மட்டும் 19 ஜிபி! அவரு முன்னாடி டெலிட் பண்ணா சண்டை வரும்னு டி டிரைவுக்கு நகத்தி வச்சேன். அடுத்து சர்வீசஸ்ல போய் விண்டோஸ் அப்டேட்டையும், பின்னால இருந்து ஃபைல இறக்குற பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபரையும் ஸ்டாப் பண்ணிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன், அதுக்குள்ள டவுன்லோடுன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இருக்கறத மட்டும் காலி பண்ணேன். அரைகுறையா இறங்கினது அங்கதான் குமிஞ்சு கெடந்துச்சு. முடிச்சதும் அந்த ரெண்டு சர்வீஸையும் மறக்காம திரும்ப ஸ்டார்ட் பண்ணணும்.

இவ்ளோ பண்ணதுக்கப்புறம் மறுபடி செட்டிங்ஸ்லயே முயற்சி பண்ணிருக்கலாம்தான், ஆனா ரவுட்டர நம்பி இன்னொரு ராத்திரி முழிக்க தெம்பில்ல. மைக்ரோசாஃப்ட் சைட்லயே விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது மொத்த இன்ஸ்டாலரும் ஒரே ஃபைலா, ஃப்ரீயா இருக்கு, 5 ஜிபிக்கு மேல வரும், டி டிரைவ்ல இறக்கினேன். டவுன்லோடு லிங்க் 24 மணி நேரந்தான் செல்லும், அதனால நெட் நல்லா இருக்கற விடியக்காலைல ஆரம்பிங்க. சைட்ல ஹாஷ்னு ஒரு நீள எண் தருவாங்க, நம்ம ஃபைலோட அது ஒத்துப்போனா பழுதில்லாம இறங்கியிருக்குன்னு அர்த்தம், அரை நிமிஷ வேலை, சோம்பேறித்தனம் படாம பாத்துடுங்க.

பென்டிரைவ் வேணுமேன்னு நானும் அலைஞ்சேன், ஃபைல் ரொம்ப பெருசுன்னு காப்பியே ஆகல. பென்டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல ஏத்துக்காது. அப்புறந்தான் தெரிஞ்சுது பென்டிரைவே தேவையில்ல, ஐஎஸ்ஓவ டபுள் கிளிக் பண்ணா டிவிடி மாதிரி ஒரு டிரைவா திறக்குது, உள்ள செட்டப்ப ஓட்டினா போதும். ஆரம்பத்துலயே அப்டேட் இறக்கவான்னு வர்ற இடத்துல இப்ப வேணாம்னு குடுத்தேன், நெட் தொல்லை அதோட ஒழிஞ்சுது. ஃபைலும் ஆப்பும் அப்படியே இருக்கட்டும்ங்கற ஆப்ஷன் டிக்காகி இருக்கான்னு மட்டும் ரெண்டு தடவ பாத்தேன்.

ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது, நாலஞ்சு தடவ ரீஸ்டார்ட் ஆச்சு, நடுவுல கரன்ட் போச்சு, எனக்கென்ன! பிடிக்கலன்னா 10 நாளுக்குள்ள பழைய விண்டோஸுக்கே திரும்பலாம், அதுக்காக விண்டோஸ் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் சிய மறுபடி அடைச்சுக்கிட்டு நிக்கும், பயந்துடாதீங்க.

இந்த ஐஎஸ்ஓ வழிக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். சி டிரைவ்ல இடம் இல்லன்னா ஐஎஸ்ஓவும் கைய விரிச்சுடும், அதுக்குத்தான் அரை கொறச்சேன். பாமினி ஃபான்ட் அப்படியே இருக்கு, பிரின்டர் டிரைவர் மட்டும் திரும்ப போட வேண்டியதாச்சு. அப்பா பாத்துட்டு கேட்ட ஒரே கேள்வி, "ஸ்டார்ட் பட்டன் ஏன்டா நடுவுல போயிடுச்சு?" டாஸ்க்பார் செட்டிங்ஸ்ல இடது பக்கம் தள்ளி வச்சுட்டேன்.