மேட்ச் பேரல்: காசு புரிக்கா, பொருத்தத்துக்கா?

9 மி.மீ. பிஸ்டல்களுக்குத் தனியாகக் கிடைக்கும் மேட்ச் பேரல்கள் (போட்டிச் சுடுதலுக்கான துல்லியக் குழல்கள்) இரண்டு வகை. வாங்கியதும் அப்படியே மாட்டிவிடக்கூடியது ஒன்று. சில இடங்களில் உலோகத்தைக் கூடுதலாக விட்டிருப்பார்கள், அரம் போட்டுத்தான் பொருத்த வேண்டும், அது இன்னொன்று. இரண்டுக்கும் விளம்பரம் என்னவோ ஒன்றுதான்: உள்ளே புரி எப்படிப் போட்டிருக்கிறோம் பாருங்கள்! புரி என்பது குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள். கைத்துப்பாக்கியில் அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை.

ஒற்றைப் பல் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் போடும் புரிக்கு நேரம் பிடிக்கும். ஆனால் உலோகத்தில் தகைவு (உள்ளே தேங்கும் இறுக்கம்) அதிகம் தங்காது. கார்பைட் பட்டனை (புரியின் அச்சு கொண்ட கடினக் குமிழ்) துளைக்குள் இழுக்கும் முறை வெட்டுவதில்லை, உலோகத்தை நெருக்கி ஒதுக்குகிறது. தகைவு உள்ளேயே நிற்கும். சூடேற்றி அதை நீக்காமல் வெளிப்புறத்தை லேத்தில் கடைந்தால், மெலிந்த பக்கம் துளை விரிந்துகொள்ளும். விரிந்தது வாய்ப்பக்கமாக இருந்தால் அந்தப் பேரல் தேறாது. குண்டு வெளியேறும் நேரத்தில் பிடி தளர்கிறது. மாண்ட்ரலை (புரியின் வடிவம் கொண்ட உள்தண்டு) சுற்றிச் சுத்தியல்களால் அடித்து உருவாக்கும் பேரல்கள் (கிளாக் இந்த வகை) உள்ளளவில் சீராகவே வருகின்றன. நன்றாகச் செய்திருந்தால் மூன்றும் கைத்துப்பாக்கித் தூரத்துக்குத் தாராளம்.

குறி கெடுவது பெரும்பாலும் பூட்டும் இடத்தில். சுடும்போது பின்முனை தாழ்ந்து எழும் பேரல், ஒவ்வொரு முறையும் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேரல் நீளம் 114 மி.மீ.; பின்முனை 0.1 மி.மீ. மாறி உட்கார்ந்தால் 25 மீட்டரில் குறி சுமார் 22 மி.மீ. நகரும். எந்தப் புரியும் இதைச் சரிக்கட்டாது. அப்படியே மாட்டும் பேரல் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டுமென்பதால் கொஞ்சம் ஆட்டத்தோடுதான் வரும். பழைய பேரலே இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் மாற்றியும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொடுக்கிற காசுக்குப் பலன் கிடைப்பது அரம் போட்டுப் பொருத்தும் வகையில்தான், அதுவும் தேர்ந்த ஆர்மரர் (துப்பாக்கி மெக்கானிக்) கையில். கூடுதலாக ஒரு தேய்ப்பு போனால் பேரல் வீண்.

அடுத்தது வாய் விளிம்பு. அங்கே ஒரு பிசிறு இருந்தால், குண்டின் அடிப்பாகம் வெளியேறும்போது வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு பீறிடும், குண்டு சாய்ந்துவிடும். துப்பாக்கி காலியென்று உறுதிசெய்து பேரலைக் கழற்றி, காது குடையும் பட்ஸை உள்ளிருந்து வெளியே விளிம்பின் மேல் இழுத்தால், பிசிறு பஞ்சைப் பிடித்து நார் தொங்கவிடும். சுட்ட பிறகு வாயைச் சுற்றிப் படியும் கரி ஒரே அளவாக நட்சத்திரம் போல இருந்தால் நல்ல விளிம்பு.

மேட்ச் பேரல்களில் அதிகம் வரும் புகார் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) இறுக்கம். துல்லியத்துக்காகக் குறுக்கிவிட்டு, புரி தொடங்கும் இடத்தையும் சேம்பருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கழற்றிய பேரலில் தோட்டாவைப் போட்டால் தன் எடையிலேயே ‘டொக்’கென்று இறங்க வேண்டும், விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். சிக்கினால் அந்தக் குண்டு வடிவம் இந்தப் பேரலுக்கு ஒத்துவராது. பிடிவாதமாகச் சுட்டால் ஸ்லைடு பாதியில் நிற்கும்.

ரிவால்வர்காரர்களுக்கு வேறு தலைவலி. பேரலை ஃபிரேமில் (துப்பாக்கியின் உடற்சட்டம்) மரை முடுக்கும்போது அதிகமாக இறுக்கினால், அந்த இடத்தில் துளை நெரிந்து குறுகிவிடும். ஈயக்குண்டு அங்கே நசுங்கி, மீதித் தூரம் முழுக்கத் தளர்வாக ஓடும். ஈயமும் உள்ளே ஒட்டும். துளையில் ஈயத்துண்டைத் தள்ளிப் பார்த்தால் ஃபிரேம் அருகில் கை கனக்கும், தாண்டியதும் சட்டென்று லேசாகும். புதிதாக வாங்கியதில் இப்படி இருந்தால், திருப்பிக் கொடுப்பதே உத்தமம்.