வளர்ச்சி ஊசி: ஹார்மோனா, ஐஜிஎஃப்-1ஆ?

ஜிம் வட்டாரத்தில் "ஜிஹெச்சைவிட ஐஜிஎஃப் பவர்ஃபுல்" என்றொரு பேச்சு ஓடுகிறது. ஜிஹெச் என்பது வளர்ச்சி ஹார்மோன். ஐஜிஎஃப்-1 என்பது இன்சுலினை ஒத்த ஒரு வளர்ச்சிக் காரணி. வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்டித்தான் ஐஜிஎஃப்-1ஐச் சுரக்க வைக்கிறது. அதையே நேராகப் போட்டுக்கொண்டால் சுற்றுவழி மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. மருத்துவம் போடும் கணக்கு வேறு. உடலில் எந்த இடத்தில் பழுது என்று பார்த்துத்தான் ஊசி முடிவாகிறது.

முதலில் ஹார்மோன் ஊசி, சொமட்ரோபின். ஒரு காலத்தில் இதை இறந்தவர்களின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் வழியே மூளையை அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் தொற்றியது தெரியவந்ததும் 1985இல் அமெரிக்கா அதைக் கைவிட்டது. அதே ஆண்டில் ஜெனென்டெக் நிறுவனம் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, பெண் குழந்தைகளுக்கு வரும் மரபுக் கோளாறான டர்னர் நோய்க்குறி, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளுக்கு இன்றும் இதுதான் கைகொடுக்கிறது.

ஐஜிஎஃப்-1 ஊசியான மெகாசெர்மின் அமெரிக்காவில் 2005இல் அனுமதி பெற்றது. லாரன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு ரத்தத்தில் ஹார்மோன் ஏராளமாக இருக்கும். செல்களில் அதை ஏற்கும் ஏற்பிதான் வேலை செய்யாது. சொமட்ரோபினை எவ்வளவு ஏற்றினாலும் வளர்ச்சி வராது. கடுமையான ஐஜிஎஃப்-1 குறைபாடுள்ள இத்தகைய குழந்தைகள் ஆண்டுக்கு சராசரியாக 2.8 செ.மீ. வளர்ந்துகொண்டிருந்தார்கள். மெகாசெர்மின் தொடங்கிய முதல் ஆண்டில் அது 8 செ.மீ. ஆனது. அவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஹார்மோன், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டில் நேரடியாகவும் வேலை செய்கிறது. வெறும் ஐஜிஎஃப்-1 அதை ஈடுகட்டாது. எனவே ஹார்மோன் மட்டுமே குறைந்த பிள்ளைக்கு என் ஓட்டு சொமட்ரோபினுக்கே.

வீட்டில் பார்த்துக்கொள்வதிலும் வித்தியாசம் பெரிது. மெகாசெர்மின் இன்சுலினைப் போலச் சர்க்கரையை இறக்கும். தினம் இருவேளை, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ 20 நிமிடத்துக்குள் போட வேண்டும். பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டால் அந்த வேளை ஊசி கிடையாது. விட்டதைச் சேர்த்து அடுத்த வேளை கூட்டிப் போடவும் கூடாது. டான்சில் வீங்கிக் குறட்டை வரலாம். புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. சொமட்ரோபினோ சர்க்கரையை ஏற்றிவிடலாம். நீர் கோத்து வீக்கம், மூட்டுவலி, கை மரத்துப்போவது என்றும் வரும்.

விளையாட்டில் இரண்டுக்கும் எப்போதும் தடை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் எஸ்2 பிரிவு. ஹார்மோன் தசை எடையைக் கூட்டிக் காட்டும். அதில் பெரும்பங்கு நீர். ஆரோக்கியமானவர்களிடம் வலிமை கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. 2010இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று சில நொடிகள் முழுவேகத்தில் இயங்கும் திறனில் மட்டும் சிறு ஏற்றம் கண்டது. அதற்கு விலையாக ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்பவருக்குத் தாடையும் கைகால்களும் பெருத்து, இதயமும் வீங்கலாம்.

ஜிம்மில் ஐஜிஎஃப் என்ற பெயரில் கைமாறுவது பலசமயம் மெகாசெர்மின்கூட இல்லை. 'எல்ஆர்3' என்ற மாற்றிய ஐஜிஎஃப்-1. ஆய்வகத்தில் செல் வளர்க்கச் செய்த பொருள் அது. மனிதருக்கு எங்கும் அனுமதியில்லை. ரத்தத்திலுள்ள கட்டுப்படுத்தும் புரதங்களிடம் எளிதில் சிக்காததால் நீண்ட நேரம் வேலை செய்யும். சர்க்கரை சரிந்தால் அதுவும் அப்படியே நீளக்கூடும். மருந்துக் குப்பிக்குள் இருப்பது அதுதானா என்பதற்கும் உத்தரவாதமில்லை. இதைப் போட்டுக்கொள்ளும் தம்பிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளரவில்லையென்றால் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். உயரக் குறிப்பு, கை எலும்பு எக்ஸ்ரே, ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை ஆகியவற்றிலிருந்து தொடங்குவார். வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் இரண்டு ஊசியாலும் உயரம் கூடாது.